முப்பது கரன்ட்டும் ஒரு மாத்திரையும்: வயசானவர்களின் உணவுக்குழாய் புற்றுநோய் பற்றி ஒரு குறிப்பு

இந்தப் பக்கத்தில் வழக்கமாக நான் படிக்கிற ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றித்தான் எழுதுவேன். இந்தக் குறிப்பும் அப்படித்தான். ஆனால் இந்த முறை கட்டுரையைத் தேடிப் படிக்க வைத்தது எங்க பெரியப்பா.

எங்க ஊர் தென்னேரி. வாலாஜாபாத் பக்கம், பெரிய ஏரி உள்ள ஊர். பெரியப்பாவுக்கு 76 வயசு. ஐம்பது வருஷத்துக்கு மேல தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவர். போன வருஷம் சித்திரையில் "சோறு நெஞ்சுல நிக்குது" என்று சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். கேஸ் என்று சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. மூணு மாசம் அதையே சாப்பிட்டார். சோறு போய் கஞ்சி, கஞ்சி போய் மோர் என்று ஆனது. 58 கிலோ இருந்தவர் 47 கிலோவுக்கு வந்துவிட்டார். ஆடியில் எண்டோஸ்கோப்பி பண்ணும்போதுதான் தெரிந்தது, உணவுக்குழாயின் நடுப்பகுதியில் கட்டி.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த விவாதம்தான் இந்தக் குறிப்புக்குக் காரணம். டாக்டரம்மா சொன்னது இது: "இந்த வயசுல, இந்த எடையில ஆபரேஷன் வேணாம். ரேடியேஷன் கொடுக்கலாம். கூடவே கீமோ மாத்திரை சேர்க்கலாமான்னு யோசிக்கணும்." வெளியே வந்ததும் அண்ணி கேட்டாங்க, "கரன்ட் வெக்கிறதே பெருசு, இதுல கீமோ வேறயா? இந்த வயசுல தாங்குவாரா?" அண்ணன் அதற்கு நேர் எதிராக, "எது நல்லதோ அது எல்லாத்தையும் கொடுங்கன்னு சொல்லிடலாம்" என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தாங்க. "நீதான் எதையாவது படிச்சிக்கினே இருப்பியே, என்னன்னு பாரு."

பார்த்தேன். அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. இது சிகிச்சைக்கான ஆலோசனையும் இல்லை. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவினால் போதும்.

காஞ்சிபுரத்துக்குத் தெரிந்த நோய்தான்

உணவுக்குழாய் புற்றுநோய் எங்க பக்கத்துக்குப் புதுசு இல்லை. காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவின் உயிரைப் பறித்தது இதுதான். 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பி வந்து சில மாதங்கள்தான். 1969 பிப்ரவரி 3 அன்று காலமானார். அப்போது அவருக்கு வயது 59. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் இருக்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கு அவர் பேர்தான் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்த உறுப்பில் வருவது பெரும்பாலும் 'ஸ்குவாமஸ்' வகை. குழாயின் உள் தோலில் இருந்து கிளம்புவது. புகைபிடித்தல், மது, புகையிலை சேர்த்த வெற்றிலை பாக்கு இவை முக்கியக் காரணங்கள். புகையிலை இல்லாமல் வெறும் வெற்றிலை பாக்கு போடுவதே உணவுக்குழாய் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களை 2016இல் 'காரணமாக இருக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தார்கள். பெரியப்பாவுக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை மூணும் உண்டு. தறியில் உட்கார்ந்தால் வாயில் அடக்கிக்கொள்வார். கை இரண்டும் வேலையில் இருக்கும்போது பீடி பிடிக்க முடியாதே என்பார்.

கரன்ட்டோடு மருந்து ஏன் சேர்க்கிறார்கள்?

ஊரில் 'கரன்ட் வைக்கிறது' என்று சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை. உண்மையில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. அதிக ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்கள் கட்டியின் செல்களுக்குள் போய் டி.என்.ஏ. இழையை அறுக்கின்றன.

இழை அறுந்தால் என்ன ஆகும் என்று நெசவாளர் வீட்டில் விளக்க வேண்டியதில்லை. பாவில் நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, இழை பிணைத்து, மறுபடி ஓட்டுவோம். செல்லும் அப்படித்தான். அறுந்த டி.என்.ஏ.வை ஒட்டிக்கொள்ள அதனிடம் ஏற்பாடு இருக்கிறது. ஒட்டுவதற்குப் புது நூல் வேண்டும். 5-ஃப்ளூரோயுராசில் என்ற பழைய கீமோ மருந்து அந்தப் புது நூலைத் தயாரிக்கும் நொதியை மடக்கிவிடுகிறது. கதிர் அறுக்கிறது, மருந்து பிணைக்க விடாமல் செய்கிறது. இந்த மருந்தைத் தனியாகக் கொடுப்பதைவிட, கதிர்வீச்சு நடக்கும் நாட்களிலேயே கொடுப்பதற்கு இதுதான் காரணம்.

இது வெறும் கொள்கை அல்ல. 1980களின் கடைசியில் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வு இந்தத் துறையையே மாற்றியது. ஒரு பிரிவுக்கு 64 கிரே கதிர்வீச்சு மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதைவிடக் குறைவாக 50 கிரே, கூடவே சிஸ்பிளாட்டினும் 5-ஃப்ளூரோயுராசிலும். (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு, எடைக்கு கிலோ மாதிரி.) 1992இல் முதல் முடிவு வந்தது. 5 வருஷம் கழித்துப் பார்த்தபோது மருந்து சேர்த்த பிரிவில் 100க்கு 26 பேர் உயிரோடு இருந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்ற பிரிவில் ஒருவர்கூட இல்லை.

அப்படியென்றால் எல்லோருக்கும் மருந்து சேர்க்க வேண்டியதுதானே? சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைச் சோதிக்கும், காதைப் பாதிக்கும், குடலைப் பிடுங்குகிற மாதிரி வாந்தி வரும். அதைக் கொடுக்கும்போது பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். 5-ஃப்ளூரோயுராசிலை நாள்கணக்கில் நரம்பு வழியாக விடாமல் ஏற்ற வேண்டும். 76 வயசுக்காரரின் சிறுநீரகமும் இதயமும் அவ்வளவு திரவத்தைத் தாங்க வேண்டுமே. அதனால் பல வருஷமாக வயசானவர்களுக்கு 'கதிர்வீச்சு மட்டும் போதும்' என்பது வழக்கமாகிவிட்டது. பெரிய ஆய்வுகளிலும் இவர்களைச் சேர்ப்பது குறைவு. ஆய்வில் சேர்க்காததால் சான்று இல்லை, சான்று இல்லாததால் மருந்து இல்லை. சுற்றிச் சுற்றி அதே இடம்தான்.

மாத்திரை வந்த கதை

இந்தச் சுற்றை உடைத்தது 5-ஃப்ளூரோயுராசிலின் மாத்திரை வடிவங்கள். இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று எஸ்-1. ஜப்பானில் உருவாக்கி, 1999இல் அங்கே இரைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. இதற்குள் மூன்று பொருட்கள் உண்டு. டெகாஃபர் என்பது உடம்புக்குள் போய் 5-ஃப்ளூரோயுராசிலாக மாறும். ஜிமெராசில் அந்த மருந்து சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்ளும். ஓட்டெராசில் குடலில் தங்கி, மருந்து குடல் தோலைப் புண்ணாக்காமல் தடுக்கும். ஒருத்தர் வேலை செய்ய, ஒருத்தர் அவருக்குக் காவல், இன்னொருத்தர் நம் வயிற்றுக்குக் காவல்.

இன்னொன்று கேபசிடபின். நம் ஊரில் அதிகம் புழங்குவது இது. மலக்குடல் புற்றுநோயில் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுப்பது ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளது. எஸ்-1, கேபசிடபின் இரண்டும் ஒரே மருந்து இல்லை. ஆனால் ஒரே குடும்பம். இரண்டும் கடைசியில் 5-ஃப்ளூரோயுராசிலாகத்தான் மாறுகின்றன.

நான் தேடிய ஆய்வு

2021இல் 'ஜாமா ஆன்காலஜி' இதழில் வந்தது. சீனாவில் 23 மருத்துவமனைகள் சேர்ந்து செய்தது. நான் இதைக் கையில் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், பங்கேற்ற எல்லோரும் 70 முதல் 85 வயதுக்குள். நடு வயது 77. பெரியப்பா வயசுக்காரர்களை வைத்தே நடந்த ஆய்வு. சீனாவிலும் நம்மைப் போல ஸ்குவாமஸ் வகைதான் அதிகம்.

மொத்தம் 298 பேர். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே கதிர்வீச்சு: 54 கிரே, 30 தவணையாக, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். ஒரு பிரிவுக்கு மட்டும் எஸ்-1 மாத்திரை. இரண்டு வாரம் சாப்பிட்டு, ஒரு வாரம் விட்டு, மறுபடி இரண்டு வாரம்.

முடிவுகளை 100 பேர் கணக்கில் சொல்கிறேன்.

கட்டி முழுசாக மறைந்தவர்கள்: கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் சுமார் 27 பேர். மாத்திரையும் சேர்த்தவர்களில் சுமார் 42 பேர்.

இரண்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள்: கதிர்வீச்சு மட்டும் 36 பேர். மாத்திரையோடு 53 பேர்.

வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்தவர்கள்: கதிர்வீச்சு மட்டும் 3 பேருக்கும் குறைவு. மாத்திரையோடு 9 அல்லது 10 பேர். கடுமையான மற்ற பக்கவிளைவுகளில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது? நான் இப்படிச் சொன்னேன்: "பெரியப்பா மாதிரி ஆறு பேருக்கு மாத்திரை சேர்த்துக் கொடுத்தா, ரெண்டு வருஷத்துல கூடுதலா ஒருத்தர் நம்மோட இருப்பார். மத்த அஞ்சு பேருக்கு அந்தக் கணக்கில் வித்தியாசம் தெரியாது. பதினஞ்சு பேருக்குக் கொடுத்தா கூடுதலா ஒருத்தருக்கு வெள்ளை அணு நல்லா இறங்கும்." அண்ணி கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அந்த ஆறுல ஒருத்தர் இவர்னு யார் சொல்றது?" என்று கேட்டாங்க. யாராலும் சொல்ல முடியாது. ஆய்வு கூட்டத்துக்கு விடை சொல்லும். தனி ஆளுக்குச் சொல்லாது.

மருந்து சேர்த்தால் எப்போதும் நல்லதா?

இல்லை. அண்ணனுக்கு நான் காட்டியது இன்னொரு ஆய்வு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, பிரிட்டன் நாடுகளில் 220 பேரிடம் நடந்து 2018இல் வெளியானது. இவர்களின் நோய் குணப்படுத்தும் கட்டத்தைத் தாண்டியது. விழுங்க முடிய வேண்டும் என்பதற்காகக் குறைந்த அளவு, குறுகிய காலக் கதிர்வீச்சு. பாதிப் பேருக்குக் கூடவே நரம்பு வழி கீமோ. விளைவு? விழுங்குவது சரியானவர்கள் கதிர்வீச்சு மட்டும் பிரிவில் 100க்கு 35, கீமோ சேர்த்த பிரிவில் 45. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிற அளவுதான். ஆயுள் 6.7 மாதம், 6.9 மாதம். கிட்டத்தட்ட ஒன்றுதான். கீமோ சேர்த்தவர்களுக்குத் தொல்லை மட்டும் அதிகம்.

ஆக, முதல் கேள்வி 'மருந்து சேர்க்கலாமா' என்பது இல்லை. 'இந்த சிகிச்சை எதற்கு? கட்டியை ஒழிக்கவா, சோறு இறங்கவா?' என்பதுதான். ஒழிக்க முயல்கிறோம் என்றால் முழு அளவுக் கதிர்வீச்சோடு மாத்திரைக்கு நியாயம் உண்டு. சோறு இறங்கினால் போதும் என்ற நிலை என்றால் குறுகிய கதிர்வீச்சோ, குழாயில் ஸ்டென்ட் வைப்பதோ போதும். எல்லாத்தையும் கொடுங்கன்னு சொல்வது பாசம்தான். ஆனால் அது வைத்தியம் ஆகிவிடாது.

வயசு ஒரு எண்ணா?

இரண்டாவது முறை போனபோது இந்தக் கேள்வியைத்தான் டாக்டரம்மாவிடம் வைத்தோம். அவங்க பெரியப்பாவிடமே பேச ஆரம்பிச்சாங்க.

"ஐயா, எப்படி வந்தீங்க?"

"பஸ்ஸுலதாம்மா. வாலாஜாபாத்துல மாறி."

"படி ஏறினீங்களா, லிஃப்டா?"

"ஏறித்தான் வந்தேன். ரெண்டு எடத்துல நின்னேன்."

அந்தப் பேச்சே ஒரு பரிசோதனை என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. முதியவர்களுக்கு ஜி-8 என்று ஒரு எளிய கேள்வித்தாள் உண்டு. எட்டே கேள்வி, முழு மதிப்பெண் 17. சாப்பாடு குறைந்ததா, எடை குறைந்ததா, நடமாட்டம் எப்படி, ஞாபகம் எப்படி, எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார், தன் உடம்பைப் பற்றி அவரே என்ன நினைக்கிறார், இப்படி. 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் விரிவாகப் பரிசோதித்துவிட்டுத்தான் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும். 72 வயசில் படுக்கையில் இருப்பவரும் உண்டு. 80 வயசில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வருபவரும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது.

கூடவே பார்த்தவை: கிரியாட்டினின் (சிறுநீரகம் சுணங்கினால் இந்த மாத்திரைகள் உடம்பில் தேங்கும்), ஹீமோகுளோபின், வெள்ளை அணு, இதயத்துக்கு எக்கோ. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டாங்க. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் இரண்டோடும் கேபசிடபின் சேராது. அவற்றின் வேலையை ஏற்றிவிடும். சிலருக்குப் பிறவியிலேயே இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்குச் சாதாரண அளவே விஷம் மாதிரி ஆகிவிடும். முதல் வாரத்திலேயே கடும் பேதியோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரணும் என்று சொன்னது இதனால்தான்.

கடைசியாக நான் எஸ்-1 ஆய்வைப் பற்றிக் கேட்டேன். "தெரியும். ஆனா நான் கேபசிடபின்தான் கொடுக்கப் போறேன்" என்றாங்க. சீனாவிலேயே நடந்த இன்னொரு ஒப்பீட்டில், உணவுக்குழாய் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு கேபசிடபின் மட்டும் கொடுத்தவர்கள், சிஸ்பிளாட்டினும் 5-ஃப்ளூரோயுராசிலும் ஏற்றியவர்களைவிட மோசமாக இல்லை. தொல்லையும் குறைவு. ஒன்றுக்காக வந்த சான்றை இன்னொன்றுக்கு நீட்டுவதுதான் இது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நீட்டுவது இல்லை.

முடிவைப் பெரியப்பாவிடம் விட்டோம். "மாத்திரைதானே, ஊசி இல்லியே? பார்க்கலாம். தாங்கலன்னா நிறுத்திடலாம்ல?" என்று கேட்டார். நிறுத்தலாம் என்றாங்க. அந்த ஒரு பதில்தான் அவரைச் சம்மதிக்க வைத்தது. டிரிப்ஸில் ஏறியதைத் திரும்ப எடுக்க முடியாது. மாத்திரையை இன்று ராத்திரியே நிறுத்தலாம். வயசானவர்களுக்கு மாத்திரையின் பெரிய வசதி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆறு வாரம்

கரன்ட் வைக்கும் நாளில் காலையும் ராத்திரியும், சாப்பிட்டு அரை மணிக்குள் மாத்திரை. சனி ஞாயிறு லீவு. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சுக்கு அனுமதி கிடைத்தது. தினமும் போய்வருவதுதான் பாரம். 30 நாள், ஒரு நாள்கூட விடாமல். இடையில் விட்டால் கட்டி செல்கள் மறுபடி பெருகும். அண்ணன் தறியை நிறுத்திவிட்டுக் கூடவே போனார். அந்த ஆறு வாரக் கூலி எந்தத் திட்டத்திலும் வராது.

விழுங்க முடியாதவருக்கு மாத்திரை எப்படி? இதை முன்கூட்டியே கேளுங்கள். அம்மியில் வைத்துப் பொடி பண்ணிக் கொடுக்கலாம் என்று வீட்டில் யாராவது சொல்வாங்க. கூடாது. கீமோ மாத்திரையின் தூள் பொடிக்கிறவர்களுக்கே கெடுதல். எங்களுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் முறையை மருத்துவமனையிலேயே காட்டினாங்க. கையுறை போட்டுத்தான் செய்தோம்.

மூணாவது வாரம் நெஞ்சு எரிச்சல் ஆரம்பித்தது. நாலாவது வாரம் எச்சில் விழுங்கவே கண்ணீர் வந்தது. இது கதிர்வீச்சால் குழாய் உள்ளே வெந்துபோவது. மாத்திரை அதைக் கொஞ்சம் கூட்டும். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு, கஞ்சி, பால், முட்டை கலந்து அதில் விட்டோம். டியூப் வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். "எடை குறைஞ்சா கரன்ட்டை நிறுத்த வேண்டி வரும்" என்றதும் ஒத்துக்கொண்டார். ஐந்தாவது வாரம் வெள்ளை அணு இறங்கியது. மாத்திரையை நிறுத்தினார்கள். கரன்ட் மட்டும் தொடர்ந்து 30 முடிந்தது.

இப்போது

முடிந்து பதிமூணு மாசம் ஆகிறது. மூணாவது மாச எண்டோஸ்கோப்பியில் கட்டி தெரியவில்லை. தை மாசம் மறுபடி சோறு நின்றது. எல்லோரும் பயந்துவிட்டோம். பரிசோதித்ததில் நோய் இல்லை, கதிர்வீச்சுத் தழும்பால் குழாய் சுருங்கியிருந்தது. பலூன் வைத்து இரண்டு முறை விரித்தார்கள். இப்போது குழைந்த சோறு, இட்லி, ரசம் எல்லாம் இறங்குகிறது. எடை 52. தறியில் உட்கார உடம்பில் தெம்பு இல்லை. பேத்திக்கு நூல் இழைக்கச் சொல்லிக்கொடுக்கிறார். வெற்றிலைப் பெட்டி பரணில் இருக்கிறது.

இது மாத்திரையால் வந்ததா, கரன்ட்டால் மட்டுமே வந்திருக்குமா? தெரிய வழியில்லை. இரண்டு வருஷக் கணக்குக்கு இன்னும் பதினோரு மாசம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு நிலை வந்தால், டாக்டரிடம் இந்த ஐந்தையாவது கேளுங்கள். சிகிச்சை ஒழிக்கவா, இதமாக்கவா? சிறுநீரகமும் வெள்ளை அணுவும் எப்படி இருக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பீங்க? மாத்திரையை விழுங்க முடியாவிட்டால் என்ன வழி? சாப்பாடு இறங்காத வாரங்களுக்கு டியூப் ஏற்பாடு எப்போது? எந்த அறிகுறி வந்தால் மாத்திரையை நிறுத்தணும், ராத்திரியில் யாரைக் கூப்பிடணும்?

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஐம்பது வயசுக்கு மேல் ஒருவர் "சோறு நெஞ்சுல நிக்குது" என்று சொல்லி இரண்டு வாரம் தாண்டினால், கேஸ் மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். எண்டோஸ்கோப்பி பத்து நிமிஷ வேலை. நாங்கள் மூணு மாசம் விட்டோம். எந்த மாத்திரை சேர்த்தும் அந்த மூணு மாசத்தைத் திரும்ப வாங்க முடியவில்லை.